படைவீரர் நிதிக்கு யார் என்ன வாக்களித்தார்: தபால்பெட்டி அட்டையைத் தாண்டிப் பார்ப்பது எப்படி

2024 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் இரண்டு வழவழப்பான அட்டைகள் சேர்ந்து கிடந்தன. ஒன்றில் சக்கர நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு முன்னாள் படைவீரர், கீழே சிவப்பெழுத்தில் ‘இவர்களுக்கு எதிராக வாக்களித்தவர்’. இன்னொன்றில் கொடி, சூரிய உதயம், ‘நம் படைவீரர்களின் தோழர்’. இரண்டும் ஒரே வேட்பாளரைப் பற்றியவை. யார் என்று சொல்லப்போவதில்லை. எந்தத் தேர்தலிலும் எந்தக் கட்சிக்காரருக்கும் அச்சடிக்கக்கூடிய அட்டைகள்தான் அவை. வேடிக்கை என்னவென்றால், சரிபார்த்தபோது இரண்டிலும் பொய் இல்லை.

நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவில். ‘மிலிட்டரி சிட்டி’ என்று இந்த ஊர் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். காய்கறி வாங்கப் போனால் முன்னால் நிற்பவர் தொப்பியில் ‘வியட்நாம் வெட்டரன்’ என்று இருக்கும். என் பிழைப்பு ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுவது. அப்பா விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். பேரேட்டில் ஒரு பற்று வரியை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைக் கடன்காரர் என்று நான் சொன்னால், “அடுத்த பக்கம் வரவு இருக்கும், புரட்டு” என்பார். இந்த வேலைக்கும் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். மாணவர் விசாவில் படிக்க வந்தவன், 2009இல் தொடங்கிய ‘மாவ்னி’ திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாவிட்டாலும், ராணுவத்துக்குத் தேவைப்பட்ட மொழிகள் தெரிந்தவர்களை எடுத்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. எட்டயபுரத்துப் பையன் ஆப்கானிஸ்தானில் பாக்ராம் ராணுவத் தளத்தில் போய் நின்றான். அங்கே குப்பை, பிளாஸ்டிக், பெயின்ட் டப்பா என்று எல்லாவற்றையும் திறந்த குழியில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தான். திரும்பி வந்து இரண்டு வருடத்தில் ஆஸ்துமா. அதற்கு முன் அவனுக்குச் சளி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

எனவே 2022 ஜூலையில், எரிகுழிப் புகையால் நோயுற்றவர்களுக்கான ‘பேக்ட்’ சட்ட மசோதா செனட்டில் தோற்றது என்று செய்தி வந்த இரவு, கொதித்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். எதிர்த்து வாக்களித்த 42 பேரின் பெயரையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். அந்த வாரம் சாப்பிட வந்த அக்கா மகனிடம் பெருமையாக நீட்டினேன்.

“சித்தி, இதுல சக் ஷூமர் பேரும் இருக்கே?”

“இருக்கட்டும். அவரும் துரோகிதான்.”

அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இன்ஹேலரை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தவரே ஷூமர்தான். அப்போது செனட்டில் பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியின் தலைவர் அவர். ஒரு தீர்மானம் தோற்றால், தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் அதை மறுபடி எடுக்கச் சொல்ல முடியாது. அதற்காக, தோற்கப்போவது தெரிந்ததும் தலைவர் தன் வாக்கை ‘இல்லை’ என்று மாற்றிக்கொள்வார். அது எதிர்ப்பு இல்லை, மறுநாளே மறுபடி கொண்டுவருவதற்கான சாவி. நான் அந்தச் சாவியைத் துரோகிப் பட்டியலில் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு வேட்பாளரின் வாக்குகளைப் பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரும் ஒரு மணி நேரமும் போதும்.

முதலில் அந்த வேட்பாளர் எந்தச் சபையில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். செனட்டராக இருந்தவரையும் பிரதிநிதிகள் சபையில் இருந்தவரையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது, இரண்டு வேறு வினாத்தாள் எழுதிய பிள்ளைகளின் மார்க்கை ஒப்பிடுவது மாதிரி. 2024இல் எங்கள் மாநிலத்தில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸை எதிர்த்து நின்ற காலின் ஆல்ரெட், பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். 2022 மார்ச் 3 அன்று அந்தச் சபையில் பேக்ட் மசோதா 256க்கு 174 என்று நிறைவேறியபோது ஜனநாயகக் கட்சியினர் எல்லாரையும்போல அவரும் ஆதரித்தார். குரூஸோ செனட்டில் அந்த மசோதாவின் பல வடிவங்களுக்குப் பலமுறை வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்தச் சபை வாக்கையும் செனட் வாக்குகளையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். எந்தச் சபையிலும் இதுவரை இருந்திராதவர் என்றால் வாக்குப் பதிவே கிடையாது. அவர் பேச்சைத்தான் பார்க்க வேண்டும், அது வேறு வேலை.

அடுத்தது மசோதாவின் எண். அட்டையின் அடியில் எறும்பெழுத்தில் எண்ணும் தேதியும் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் அந்த அட்டையை அப்படியே மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். எண் கிடைத்ததும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் தேடுங்கள். வருவதில் ‘சம்மரி’, ‘டெக்ஸ்ட்’, ‘ஆக்‌ஷன்ஸ்’, ‘கோஸ்பான்சர்ஸ்’ என்று தாவல்கள் இருக்கும். பலரும் சம்மரியைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் போக வேண்டியது ஆக்‌ஷன்ஸுக்கு. மசோதா பிறந்த நாளிலிருந்து ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நாள் வரை நாள்வழிக் குறிப்பேடு மாதிரி வரிவரியாக இருக்கும். பெயர் சொல்லி வாக்கெடுத்த இடங்களில் வாக்கு எண் நீல நிறத்தில் இருக்கும். அதை அழுத்தினால் செனட்டின் தளத்துக்கோ சபை எழுத்தரின் தளத்துக்கோ கொண்டுபோய் விடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே சட்டத்துக்கு இரண்டு எண் இருக்கலாம். பேக்ட் சட்டமே அப்படி. எச்.ஆர். 3967 என்ற எண்ணில் போய் (எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபை மசோதா, எஸ். என்றால் செனட் மசோதா), 2022 ஜூன் 16 அன்று செனட்டில் 84க்கு 14 என்று நிறைவேறியது. அப்புறம் பார்த்தால், கிராமப்புற மருத்துவப் பணியாளர்களுக்கான ஒரு சலுகையில் வரி சம்பந்தப்பட்ட ஒரு வாசகம் செனட்டில் நுழைந்திருந்தது. வரி விஷயம் பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஆகவே அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, எஸ். 3373 என்ற வேறொரு மசோதாவின் உள்ளடக்கத்தைக் காலி செய்து, இதை அதற்குள் வைத்து ஜூலை 13 அன்று 342க்கு 88 என்று சபையில் நிறைவேற்றி செனட்டுக்கு அனுப்பினார்கள். இப்போதும் எஸ். 3373இன் வாக்குப் பக்கத்தைத் திறந்தால், மசோதாவின் தலைப்பாக வருவது இராக், ஆப்கானிஸ்தான் சேவை உதவித்தொகையும் உயிரிழந்த வீரர்களின் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும்தான். எரிகுழி பற்றி ஒரு சொல் இருக்காது. பழைய மிட்டாய் டப்பாவில் அம்மா ஊசி நூல் வைத்திருப்பது மாதிரி. மூடியில் எழுதியிருப்பதை வைத்து உள்ளே என்ன என்று முடிவு செய்ய முடியாது.

இப்போது வாக்குப் பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். செனட் பக்கம் என்றால் மேலே ‘கொஸ்டின்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே வாக்கு எண், தேதி, ‘ரிக்வயர்டு ஃபார் மெஜாரிட்டி’, முடிவு. அப்புறம் ‘யே’ எத்தனை, ‘நே’ எத்தனை, வாக்களிக்காதவர் எத்தனை. ஆம், இல்லை என்பதை அங்கே யே, நே என்பார்கள். கீழே பெயர்ப் பட்டியல் அகர வரிசையிலும், வாக்கு வாரியாகவும், மாநில வாரியாகவும் மூன்று முறை வரும். நாம் எல்லாரும் நேராகப் பெயருக்குப் போய்விடுகிறோம். நானும் அன்று அதைத்தான் செய்தேன். முதலில் படிக்க வேண்டியது ‘கொஸ்டின்’ வரியை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்று தெரியாமல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2022 ஜூலை 27 பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேள்வி, ‘இந்த மசோதா நிறைவேறலாமா’ என்பது இல்லை. ‘விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா’ என்பது. அங்கே அதற்கு ‘க்ளோச்சர்’ என்று பெயர். தேவையான பெரும்பான்மை என்ற இடத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று இருக்கும், அதாவது 60 வாக்கு. கிடைத்தது 55. எதிர்த்தவர் 42. ஜூனில் ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 25 பேர் அன்று எதிர்த்தார்கள். பிறகு, வாஷிங்டனில் நாடாளுமன்றப் படிக்கட்டில் முன்னாள் படைவீரர்கள் வெயிலிலும் மழையிலும் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று நிறைவேற்றும் வாக்கெடுப்பு நடந்தது. 86க்கு 11. ஆகஸ்ட் 10 அன்று ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார்.

டெட் குரூஸின் வரிசை: ஜூன் 16 யே, ஜூலை 27 நே, ஆகஸ்ட் 2 யே. எங்கள் இன்னொரு செனட்டர் ஜான் கார்னினுக்கும் இதே வரிசைதான். நடு வாக்கை மட்டும் எடுத்தால் ‘எதிர்த்தவர்’ அட்டை தயார். கடைசி வாக்கை மட்டும் எடுத்தால் ‘தோழர்’ அட்டை தயார். இப்போது புரிகிறதா, இரண்டும் பொய்யில்லாமல் எப்படி ஒரே தபால்பெட்டியில் விழும் என்று?

வரிசை தெரிந்ததும் காரணத்தைத் தேட வேண்டும். இரண்டு தரப்புச் சொல்லையும் ஒரு வரி ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சித் தரப்பில் முன்னால் நின்றவர் பென்சில்வேனியாவின் செனட்டர் பாட் டூமி. வருடா வருடம் நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டிய செலவில் பத்து வருடக் கணக்கில் சுமார் 400 பில்லியன் டாலரைக் கட்டாயச் செலவுக் கணக்குக்கு மாற்ற இந்த மசோதா வழி விடுகிறது, அப்படிக் காலியாகும் இடத்தில் படைவீரருக்குச் சம்பந்தமில்லாத செலவை நிரப்பிவிடுவார்கள், எனவே அதைத் திருத்த வாக்கெடுப்பு வேண்டும் என்றார். எதிர்த் தரப்பு சொன்னது: அந்த வாசகம் ஜூனிலும் அப்படியேதான் இருந்தது, அப்போது ஆதரித்தீர்களே? அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் வேறொரு பெரிய செலவு மசோதாவுக்கு உடன்பாடு ஏற்பட்டதால் வந்த கோபம் இது என்றும் குற்றம் சாட்டினார்கள், குடியரசுக் கட்சியினர் மறுத்தார்கள். டூமியின் திருத்தம் ஆகஸ்ட் 2 அன்று வாக்குக்கு வந்து தோற்றது.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்வேன். டூமி மூன்று முறையும் நே. எனக்கு அவர் வாதம் பிடிக்கவில்லை, ஆனால் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சு, அதைக் கணக்கில் வைத்துக்கொள்வேன். ஜூனில் யே சொல்லி ஜூலையில் நே சொன்னவர்களிடம், நடுவில் மசோதாவில் மாறியது கிராமப்புற மருத்துவப் பணியாளர் சலுகை பற்றிய அந்த வாசகம் மட்டும்தானே என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அதைவிட அதிகமாக அந்த நடு வாக்கின் மேல் ஏற்றக்கூடாது. உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம், அதில் சண்டை இல்லை.

கேள்வி வரி இப்படி ஏமாற்றுவது இதில் மட்டும் இல்லை. 2014 பிப்ரவரி 27 அன்று, செனட்டின் படைவீரர் நலக் குழுத் தலைவராக இருந்த பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த பெரிய மசோதா விழுந்தது. அன்று கேட்கப்பட்ட கேள்வி, பட்ஜெட் கட்டுப்பாட்டு விதியிலிருந்து இதற்கு விலக்கு தரலாமா என்பது. 60 வேண்டிய இடத்தில் 56 கிடைத்தது, எதிர்த்தவர் 41. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது பட்ஜெட் விதி வாக்கு. நடைமுறையில் மசோதாவைக் கொன்றது அதுதான். எனவே ‘அது வெறும் நடைமுறை வாக்கு’ என்று வேட்பாளர் தோளைக் குலுக்கினாலும் உடனே விட்டுவிடாதீர்கள். அந்த வாக்குக்குப் பிறகு மசோதாவுக்கு என்ன ஆயிற்று என்று ஆக்‌ஷன்ஸ் தாவலில் அடுத்தடுத்த வரிகளைப் பாருங்கள். திரும்ப வந்ததா, அங்கேயே நின்றுபோனதா?

‘நாட் வோட்டிங்’ என்பதையும் கடந்து போய்விடாதீர்கள். 2008 மே 22 அன்று, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பணியாற்றியவர்களுக்கான கல்வி உதவி, செனட்டர் ஜிம் வெப் முன்னின்று கொண்டுவந்தது, செனட்டில் 75க்கு 22 என்று தேறியது. அந்த வருட ஜனாதிபதி தேர்தலில் கடைசியில் மோதிய இரண்டு செனட்டர்களில் பராக் ஒபாமா யே. ஜான் மெக்கெயின் அவையிலேயே இல்லை. பதிவேட்டில் வெறும் ‘நாட் வோட்டிங்’. ஆனால் அவர் கருத்து ஒன்றும் ரகசியம் இல்லை. குறைந்த காலப் பணிக்கே முழுச் சலுகை என்றால் அனுபவமுள்ளவர்கள் சீக்கிரம் வெளியேறிவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார், பலனை மனைவி மக்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு மாற்று மசோதா ஒன்றையும் ஆதரித்தார். அந்த மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு கடைசியில் சட்டத்தில் சேர்ந்தது. வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க்கைதியாக இருந்த மனிதரைப் பற்றி ‘படைவீரருக்கு எதிரி’ என்று ஒரு வரியில் எழுதுவது அசட்டுத்தனம். அதற்காக, வராமல் போன வாக்கை வந்ததாகவும் எழுத முடியாது. ‘வரவில்லை, வெளியே எதிர்த்துப் பேசினார்’ என்று இரண்டையும் எழுதுங்கள்.

இனி பணம். சட்டம் வேறு, ஒதுக்கீடு வேறு. என் அலுவலகத்தில் முதலாளி “புது லாரி வாங்கலாம்” என்று சொல்வது ஒன்று, செக்கில் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. ‘இன்ன சலுகை உண்டு’ என்று சட்டம் வரும். படைவீரர் நலத் துறைக்கு, எல்லாரும் சொல்வதுபோல வி.ஏ.வுக்கு, அந்த வருடப் பணத்தை ராணுவக் கட்டுமானமும் வி.ஏ.வும் சேர்ந்த ஒதுக்கீட்டு மசோதா தரும். வேட்பாளரைப் பார்க்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும். ஊர்வலத்தில் கொடி பிடித்துவிட்டு ஒதுக்கீட்டில் நே போட்டவர்கள் உண்டு. அதைக் குற்றமாக எழுதுவதற்கு முன்னால் மசோதாவுக்குள் வேறென்ன இருந்தது என்று பார்ப்பது முறை.

இதற்கு ஜனநாயகக் கட்சிப் பக்கம் நல்ல உதாரணம் இருக்கிறது. 2023 ஜூலை 27 அன்று பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 4366, அந்த வருடத்து வி.ஏ. ஒதுக்கீட்டு மசோதா, 219க்கு 211 என்று கிட்டத்தட்ட கட்சிவாரியாகப் பிரிந்து நிறைவேறியது. எதிர்த்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஜனநாயகக் கட்சியினர். ‘படைவீரர் மருத்துவத்துக்குப் பணம் தர மறுத்தார்கள்’ என்று அட்டை அடிக்கலாம், அடித்தாலும் பொய் இல்லை. ஆனால் அந்த மசோதாவில் கருக்கலைப்பு, பாலின மாற்றச் சிகிச்சை போன்ற விஷயங்களில் கட்டுப்பாடுகளைச் சேர்த்திருந்தார்கள், அதற்குத்தான் எதிர்ப்பு என்றார்கள் இவர்கள். அதே எண், 2024 மார்ச்சில் ஆறு துறை ஒதுக்கீடுகளைக் கட்டிய ஒரே மூட்டையாகத் திரும்பி வந்தது. சபையில் 339க்கு 85, செனட்டில் 75க்கு 22. இப்போது ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் யே, எதிர்த்தவர்களில் குடியரசுக் கட்சியினர் அதிகம். அதில் விவசாயமும் நீதித்துறையும் போக்குவரத்தும் இருந்தன. அந்த 85 பேரில் யார் எதற்காக நே என்று வாக்கைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மூட்டை வாக்குகளுக்கு என் நோட்டில் பக்கத்தில் ஒரு ‘மூ’ போட்டுவிடுவேன். அவற்றைக் கொஞ்சம் குறைவாகவே எடை போடுவேன்.

மசோதாவில் எழுதாமல் விட்டதும் ஒரு தலைவலி. 2023 ஏப்ரல் 26 அன்று சபையில் 217க்கு 215 என்று தேறிய எச்.ஆர். 2811, மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு போட்டது. வி.ஏ.வுக்கு வெட்டு என்று அதில் ஒரு வரியும் இல்லை. வி.ஏ.வைத் தொடமாட்டோம் என்றும் இல்லை. ‘22 சதவீதம் வெட்டிவிட்டார்கள்’ என்று ஒரு பக்கம், ‘எங்கே எழுதியிருக்கிறது, காட்டு’ என்று இன்னொரு பக்கம். பாதுகாப்புத் துறையை விட்டுவிட்டு மற்றவற்றில் சமமாக வெட்டினால் என்ன ஆகும் என்ற கணக்கிலிருந்து வந்த சதவீதம் அது. இந்த மாதிரி இடத்தில் சதவீதத்தை எழுதிக்கொள்ளாதீர்கள். ‘பொது உச்சவரம்பு, வி.ஏ.வுக்கு விலக்கு எழுதப்படவில்லை’ என்று எழுதுங்கள். அந்த வரி இரண்டு கட்சிக்காரர்கள் கையிலும் நிற்கும்.

‘அரசாங்கத்தை முடக்கி மருத்துவமனையை மூடவைத்தார்’ என்று ஒரு வகை அட்டையும் வரும். 2009இல் வந்த ஒரு சட்டத்தால் வி.ஏ. மருத்துவச் செலவுக்கு ஒரு வருடம் முன்கூட்டியே பணம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கீடு தேறாமல் அரசாங்கம் முடங்கினாலும் மருத்துவமனைகள் இயங்குவது அதனால்தான். அந்த அட்டையைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம், பதிவே இல்லாத வாக்குகள். படைவீரர் மசோதாக்களில் நிறைய இப்படித்தான் போகும், யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்பதால் குரல் வாக்கிலோ ஒருமனதாகவோ முடித்துவிடுவார்கள். வியட்நாம் கடற்பரப்பில் கப்பல்களில் இருந்த வீரர்களுக்கு ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியின் பாதிப்புக்கான உதவியை விரித்த 2019 சட்டம், பிரதிநிதிகள் சபையில் 410க்கு 0. செனட்டில் பெயர் சொல்லி வாக்கெடுப்பே கிடையாது. ‘அதற்கு நான் வாக்களித்தேன்’ என்று ஒரு செனட்டர் மேடையில் சொன்னால் ஆமென்றோ இல்லையென்றோ நிரூபிக்க வழியில்லை. அங்கே ‘கோஸ்பான்சர்ஸ்’ தாவல் உதவும். யார் யார் மசோதாவில் தன் பெயரைச் சேர்த்தார்கள், எந்தத் தேதியில் என்று இருக்கும். தேதிதான் முக்கியம். மசோதா தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்தவரும், ஜெயிக்கப்போவது உறுதியான பிறகு போட்டோவுக்கு வந்து நின்றவரும் ஒன்றில்லை. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போதே வந்தவர் யார், பந்திக்கு வந்தவர் யார் என்று நமக்குத் தெரியாதா?

குழு வேலையும் வாக்கில் தெரியாது. சபையின் படைவீரர் நலக் குழுவில் வருடக் கணக்கில் உட்கார்ந்து ஒரு வாசகத்தைச் சேர்க்கப் பாடுபட்டவருக்கும், கடைசி நாள் வந்து யே சொன்னவருக்கும் பதிவேட்டில் ஒரே எழுத்துதான். வேட்பாளர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் கொடுக்கும் மதிப்பெண்களைப் பற்றிக் கேட்டால், மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், எந்தெந்த வாக்குகளை எண்ணி அதைப் போட்டார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள் என்பேன். பட்டியல் தராத மதிப்பெண் எனக்கு வேண்டாம்.

என் நோட்டுப் பக்கம் இப்படி இருக்கும். இடது ஓரம் தேதி. அடுத்து மசோதா எண். அடுத்து கேட்கப்பட்ட கேள்வி, தமிழில், ஒரு வரியில். அடுத்து தேவை எத்தனை, கிடைத்தது எத்தனை. அடுத்து வேட்பாளரின் வாக்கு. கடைசிக் கட்டத்தில் அவர் சொன்ன காரணம், என் சொல்லில் இல்லை, அவர் அலுவலக அறிக்கையில் இருந்தபடி. ஒரு வேட்பாளருக்கு ஐந்தாறு வரி வந்தால் தாராளம். கேள்விக் கட்டத்தைத் தமிழில் எழுதுவதுதான் இதில் முக்கியமான வேலை. எழுத வரவில்லை என்றால் அந்த வாக்கு எனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் படிப்பேன். ஷூமரில் மாட்டிக்கொண்டதற்குப் பிறகு இதில் சோம்பல் கிடையாது.

அக்கா மகன் இதை எல்லாம் பார்த்துவிட்டு, “சித்தி, நீங்க எனக்காகத்தான் இவ்வளவு பண்றீங்கன்னு நெனச்சேன், உங்களுக்கே இது பிடிச்சுப்போச்சு” என்றான். கணக்குப் பார்ப்பது பிடிக்காமலா இருபது வருடமாக அதில் இருக்கிறேன்? சட்டம் வந்த பிறகு அவன் ஆஸ்துமாவுக்கு விண்ணப்பித்தான். ஆப்கானிஸ்தானில் இருந்தவனுக்குப் பணிக்குப் பின் ஆஸ்துமா வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. புகைக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டென்று இவன் தனியாக நிரூபிக்கத் தேவையில்லாமல் போனது. அந்த வாசகத்தை நான் ‘டெக்ஸ்ட்’ தாவலில் தேடி எடுத்து அவனுக்குக் காட்டினேன்.

கடைசியாக ஒன்று, டெக்சஸில் இருப்பவர்களுக்கு. வாக்குச்சாவடிக்குள் போனில் இதைத் திறந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், இங்கே வாக்களிக்கும் இடத்தில் போனைப் பயன்படுத்தக்கூடாது. எழுதிய தாளை எடுத்துப்போகலாம். நான் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, கைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு முன்கூட்டிய வாக்குப்பதிவின் இரண்டாம் நாளே போய்விட்டேன். கூட்டம் இல்லை, பத்து நிமிடத்தில் வெளியே.